மண்ணைக் கிளறியவர்களின் படை



ஹோமரின் இலியட் காவியத்தில் அக்கிலீசின் பின்னால் ஒரு படை நிற்கிறது. 50 கப்பல்களில் வந்த படை. கப்பலுக்கு 50 பேர். அவர்களை நடத்த 5 தலைவர்கள். டிராய் நகரை முற்றுகையிட வந்த கிரேக்கச் சேனைகளில் இதைவிடப் பெரியவை உண்டு. அகமெம்னான் ஒருவனே 100 கப்பல்களோடு வந்திருந்தான். ஆனாலும் அக்கிலீஸ் கோபித்துக்கொண்டு தன் படையைப் பாசறையிலேயே நிறுத்திவைத்தபோது, மற்றச் சேனைகள் எல்லாம் கடற்கரைவரை பின்வாங்க நேர்ந்தது. அந்தப் படையினருக்கு மிர்மிடோன்கள் என்று பெயர். கிரேக்க மொழியில் எறும்புக்கு மிர்மெக்ஸ் என்று பெயர்.

இந்த இரண்டு பெயர்களும் கிரேக்கர் காதில் ஒன்றாகவே ஒலித்தன. சிங்கத்தின் பெயரையோ கழுகின் பெயரையோ சூட்டிக்கொள்ளத்தக்க ஒரு படைக்கு, காலடியில் ஊரும் எறும்பை மூதாதை என்று சொல்ல அவர்கள் கூசவில்லை. கூசாததோடு, அதைப் பற்றித் தலைமுறை தலைமுறையாகக் கதைகளும் சொன்னார்கள். அந்தக் கதைகளையும், அவற்றை ஒட்டி வரும் வேறு சில கிரேக்கச் சொற்களையும் உங்கள் முன் வைக்க விரும்புகிறேன். கிரேக்கர் தங்கள் வீரனைப் பூச்சியோடு சேர்த்து நினைத்த இடங்களில் பெரும்பாலும் அவனுடைய கொலைத் திறனைப் போற்றவில்லை. உழைப்பையும், தன் வீட்டைக் காக்க நிற்கும் பிடிவாதத்தையும்தான் போற்றினார்கள். இன்றைக்கு நான் சொல்ல வந்தது இதுதான்.

கதை ஏஜினாத் தீவில் தொடங்குகிறது. ஏதென்சுக்குத் தென்மேற்கே, சரோனிக் வளைகுடாவில், ஏறக்குறைய 87 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள சிறிய தீவு அது. நதித் தெய்வத்தின் மகள் ஏஜினாவுக்கும் வானத்தரசன் சீயசுக்கும் பிறந்தவன் அயாகோஸ். ஹெசியட்டின் பெயரில் வழங்கும் ஒரு பழைய கவிதையின் துண்டு இவன் கதையைச் சொல்கிறது. இளமைப் பருவம் எய்திய அயாகோஸ் ஆளில்லாத தீவில் தனிமையில் வாடினான். மகனின் தனிமையைக் கண்ட தந்தை அந்தத் தீவிலிருந்த எறும்புகளை எல்லாம் மனிதர்களாக்கினார். ஆண்களாகவும் பெண்களாகவும் ஆக்கினார் என்று அந்தக் கவிதை தெளிவாகச் சொல்கிறது. அப்படித் தோன்றிய மக்கள் முதலில் செய்த காரியம் என்ன? போருக்குப் போகவில்லை. கப்பல் கட்டி, அதற்குப் பாய் விரித்தார்கள். எறும்பிலிருந்து பிறந்தவர்களை அந்தக் கவிதை முதல் கடலோடிகளாகவே நமக்கு அறிமுகம் செய்கிறது.

பல நூற்றாண்டுகளுக்குப் பிறகு ரோமானியக் கவிஞர் ஓவிட் இதே கதையைத் தம் உருமாற்றங்கள் நூலின் 7-ஆம் பகுதியில் விரித்துச் சொன்னார். அவர் கதையில் தீவு முதலில் ஆளோடுதான் இருக்கிறது. சீயசின் மனைவியாகிய தெய்வத்தின் பொறாமையால் அங்கே கொள்ளைநோய் வருகிறது. முதலில் நாய்களும் பறவைகளும் ஆடுமாடுகளும் மடிகின்றன. உழுதுகொண்டிருந்த எருது சால் நடுவிலேயே விழுகிறது. பிறகு மனிதர்கள். புதைக்க இடமில்லை, எரிக்க விறகில்லை. குடிகளை இழந்து நிற்கும் அரசன் அயாகோஸ் ஒரு கருவாலி மரத்தடியில் நிற்கிறான். மரப்பட்டையின் சுருக்கங்களில் தடம் போட்டுக்கொண்டு எறும்புகள் சாரை சாரையாகப் போகின்றன. சிறிய வாயில் பெரிய தானியமணி. அதைப் பார்த்த அரசன் தன் தந்தையிடம் இத்தனை குடிகளை எனக்குக் கொடு என்று கேட்கிறான். அன்றிரவு கனவில் அதே மரம் நடுங்குகிறது. எறும்புகள் தரையில் உதிர்ந்து, பெருத்து, நிமிர்ந்து, கால்களின் எண்ணிக்கை குறைந்து மனித உருக்கொள்கின்றன. காலையில் மகன் தெலமோன் வந்து தந்தையை வெளியே அழைக்கிறான். கனவில் கண்ட முகங்கள் வாசலில் வரிசையாக நின்று அரசனை வணங்குகின்றன.

நான் கவனிக்கச் சொல்வது அரசனின் வேண்டுதலை. அவன் படை கேட்கவில்லை. ஆளில்லாமல் போன ஊரை நிரப்பக் குடிகள் கேட்கிறான். வந்தவர்களுக்கு அவன் முதலில் செய்ததும் நகரத்தையும், உழுவாரில்லாமல் கிடந்த வயல்களையும் பங்கிட்டுக் கொடுத்ததுதான். சிக்கனமும், உழைப்பைத் தாங்கும் குணமும், சேர்த்ததைக் காப்பாற்றும் இயல்பும் இந்த மக்களிடம் உண்டு என்கிறார் ஓவிட். இவர்கள் போருக்குப் போவது அதற்கும் பிறகுதான்.

கதையை அப்படியே ஏற்காத பழங்காலத்தவரும் இருந்தார்கள். நில நூலாசிரியர் ஸ்ட்ராபோ வேறு விளக்கம் தருகிறார். ஏஜினாவின் நிலம் பாறை நிலம். மேலே கல், அடியில் மண். அந்தத் தீவினர் எறும்புகளைப் போலத் தரையைத் தோண்டி மண்ணை மேலே கொண்டுவந்து, பாறையின்மீது பரப்பிப் பயிர் செய்தார்கள். செங்கல்லை மிச்சப்படுத்துவதற்காகத் தோண்டிய குழிகளிலேயே குடியிருந்தார்கள். அதனால்தான் மிர்மிடோன்கள் என்ற பெயர் வந்தது என்கிறார். தெய்வமும் கனவும் இல்லாத இந்த விளக்கத்தில் நம்முன் வருவது ஒரு காட்சி: கூடையில் மண் சுமந்து, பாறைமேல் கொட்டி, கையால் பரப்பி, அதில் வாற்கோதுமை விதைக்கும் மனிதர்கள். படைக்குப் பெயர் அந்த வேலையிலிருந்து வந்தது என்று ஸ்ட்ராபோ எழுதிவைத்தார்.

எறும்பைப் பற்றிய வேறு இரண்டு பழங்கதைகளும் வயலில்தான் கொண்டுபோய் விடுகின்றன. வெர்ஜிலின் காவியத்துக்கு உரை எழுதிய செர்வியஸ் ஒன்றைச் சொல்கிறார். மிர்மெக்ஸ் என்ற பெண் ஏதென்ஸ் நாட்டவள். அதீனா தெய்வம் கண்டுபிடித்த கலப்பையைத் தன் கண்டுபிடிப்பு என்று அவள் சொல்லிக்கொண்டாள். சினந்த தெய்வம் அவளை எறும்பாக்கியது. அந்த எறும்பினத்திலிருந்துதான் பிற்பாடு அயாகோசுக்கு மக்கள் கிடைத்தார்கள். இன்னொன்று ஈசாப்பின் பெயரில் வழங்குவது. எறும்பு முன்பு ஒரு உழவன்; தன் விளைச்சல் போதாமல் அண்டை வயல்களிலும் கைவைத்தான்; அதனால் எறும்பாக்கப்பட்டான். ஒன்றில் கலப்பை, மற்றொன்றில் களவு. ஆனால் இரண்டிலும் எறும்பு ஒரு வேளாண் உயிர்தான். உருமாற்றம் எந்தத் திசையில் நடந்தாலும், மனிதனிலிருந்து எறும்பானாலும் எறும்பிலிருந்து மனிதனானாலும், இடையில் வயல் இருக்கிறது.

இதற்குச் சமூகக் காரணம் உண்டு. பண்டைக் கிரேக்க நகர அரசுகளில் கனத்த கேடயம் ஏந்திப் போரிட்ட காலாட்படை வீரர் பலரும் சொந்த நிலம் உள்ள உழவர்கள். ஆயுதத்தைத் தங்கள் செலவிலேயே வாங்கினார்கள். உழவும் அறுவடையும் பார்த்துத்தான் படையெடுப்பு நடந்தது. வீரன் என்று தனியாக ஒரு சாதி பெரும்பாலும் இல்லாத உலகில், வீரனுக்கு முன்னோர் தேடினால் உழவன்தான் கிடைப்பான். எறும்புக் கதை அந்த உண்மையைத் தன் வழியில் சொல்லிவைத்திருக்கிறது.

தீவினர் இந்தக் கதையை எவ்வளவு பற்றிக்கொண்டார்கள் என்பதற்கு ஏஜினாவின் வரலாறு சாட்சி. அயாகோசின் மகன் பீலியஸ் தன் உடன்பிறந்தானைக் கொன்ற குற்றத்துக்காகத் தீவைவிட்டு வெளியேறித் தெசாலிப் பகுதியின் பிதியாவுக்குப் போனான். அவன் மகன்தான் அக்கிலீஸ். மிர்மிடோன்கள் டிராய்க்குப் பிதியாவிலிருந்து வந்ததற்குப் புராணம் தரும் காரணம் இது. ஆனால் தீவினர் தங்கள் உரிமையை விட்டுக்கொடுக்கவில்லை. விளையாட்டுப் போட்டிகளில் வென்ற ஏஜினா இளைஞர்களைப் பாடிய கவிஞர் பிண்டார், முன்னாளில் மிர்மிடோன்கள் வாழ்ந்த இடம் என்றே அந்தத் தீவைக் குறிப்பிட்டார். கி.மு. 480-இல் பாரசீகக் கடற்படை சலாமிஸ் அருகே வந்து நின்றபோது, அயாகோசையும் அவன் குலத்து வீரர்களையும் துணைக்கு அழைத்துவரக் கிரேக்கர் ஏஜினாவுக்கு ஒரு கப்பல் அனுப்பினார்கள். வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் இதை எழுதிவைத்திருக்கிறார். அந்தப் போரில் மற்ற எல்லாரையும்விடச் சிறந்து நின்றவர்கள் என்ற பெயர் ஏஜினாவினருக்கே கிடைத்தது என்பதும் அவர் குறிப்புத்தான். கதையில் முதல் பாயை விரித்தவர்களின் சந்ததி கடற்போரில் முதலிடம் பெற்றது. கி.மு. 431-இல் ஏதென்ஸ் அவர்களைக் குழந்தை குட்டிகளோடு தீவைவிட்டே துரத்தியது. உருமாறி வந்த மண்ணிலிருந்து அவர்களைப் பிடுங்கி எறிந்தது தெய்வமல்ல, அண்டை நகரம்.

மொழிநூல் இந்தப் பெயரைப் பற்றி என்ன சொல்கிறது? மிர்மெக்ஸ் மிகப் பழைய சொல். இந்தோ ஐரோப்பிய மொழிகள் பலவற்றிலும் அதன் உறவினர்கள் உண்டு. இலத்தீனில் ஃபோர்மிகா, பாரசீகத்தில் மூர், ரஷ்ய மொழியில் முராவேய், வேத மொழியில் வம்ர. இவற்றின் ஒலிகள் ஒழுங்கான விதிகளுக்கு அடங்காமல் மொழிக்கு மொழி முறுக்கிக்கொண்டிருக்கின்றன. புற்றைக் குறிக்கும் வடமொழி வல்மீகம் இந்த வம்ர என்ற சொல்லோடு உறவுடையது என்று மொழிநூலார் கருதுகிறார்கள். வான்மீகி என்று நாம் சொல்லும் பெயர் அந்தப் புற்றிலிருந்து வந்தது. அந்தக் கருத்துப்படி, கிரேக்கக் காவியத்தின் படைக்கு வழங்கிய கதையும் இராமாயணம் பாடியவரின் பெயரும் தொலைதூரத்தில் ஒரே எறும்பிடம் போய்ச் சேருகின்றன.

ஆனால் மிர்மிடோன் என்ற இனப்பெயர் மிர்மெக்ஸிலிருந்துதான் பிறந்தது என்று மொழிநூல் உறுதி கூறுவதில்லை. இனப்பெயர் வேறு மூலத்திலிருந்து வந்திருக்கலாம். ஒலி ஒத்திருந்ததால் பிற்பாடு கதை பிறந்திருக்கலாம். இலியட்டில் எறும்புக் கதை சொல்லப்படவே இல்லை என்பதும் இங்கே எண்ணத்தக்கது. மாணவர்கள் இதில் ஒன்றை மனத்தில் கொள்ள வேண்டும். சொல்லின் ஒலி எங்கிருந்து வந்தது என்பது ஒரு கேள்வி. அந்தச் சொல்லைக் கேட்ட மக்கள் அதற்குள் எதைக் கண்டார்கள் என்பது இன்னொரு கேள்வி. முதலாவதற்கு ஒலி விதிகள் சான்று. இரண்டாவதற்குக் கதைகள் சான்று. ஒன்றின் சான்றை மற்றொன்றுக்குக் கொடுத்தால் பிழை வரும். ஆனால் கதை ஒலி வரலாறு ஆகாது என்பதற்காக அதைத் தூக்கி எறிந்தால், ஒரு சமூகம் தன்னைப் பற்றி என்ன நினைத்தது என்ற அரிய ஆவணத்தை இழந்துவிடுவோம்.

எறும்பைச் சொல்லாத ஹோமர், மிர்மிடோன்களை வேறொரு பூச்சியோடு ஒப்பிட்டார். இலியட்டின் 16-ஆம் பகுதி. டிராய் வீரர்கள் கிரேக்கக் கப்பல் ஒன்றுக்குத் தீ வைத்துவிட்டார்கள். அக்கிலீஸ் தன் நண்பன் பாத்ரோக்ளசின் தலைமையில் படையை அனுப்புகிறான். அந்த வீரர்கள் புறப்பட்ட விதத்தைச் சொல்ல வந்த கவிஞர் வழியோரத்துக் குளவிக் கூட்டுக்கு நம்மை அழைத்துப் போகிறார். சிறுவர்கள் அந்தக் கூட்டைச் சீண்டிச் சீண்டிச் சினமூட்டியிருக்கிறார்கள். அந்த விளையாட்டின் கேடு அந்த வழியாகப் போகிற எல்லாருக்கும் வருகிறது. அறியாமல் ஒரு வழிப்போக்கன் உரசிவிட்டாலும் குளவிகள் அத்தனையும் கிளம்புகின்றன. எதற்காக? தங்கள் குஞ்சுகளைக் காக்க. 12-ஆம் பகுதியிலும் இதே கருத்து வருகிறது. கிரேக்க அரணின் வாயிலை இரண்டே வீரர்கள் காக்கிறார்கள். அவர்களைத் தாக்க வந்த டிராய்ப் பக்கத்து வீரன் ஆசியசே அவர்களைக் குளவிகளுக்கும் தேனீக்களுக்கும் ஒப்பிடுகிறான்: கூட்டைவிட்டு நகராமல், வேட்டைக்காரரை எதிர்த்துப் பிள்ளைகளுக்காக நிற்பவை என்கிறான். அயல்நாட்டின்மேல் படையெடுத்து வந்தவர்கள்தான் இந்தக் கிரேக்கர். ஆனாலும் எரியும் கப்பலுக்கு முன்னால் நிற்கும் அந்த நேரத்தில் அவர்களுக்கும் காக்க ஒரு கூடு இருக்கிறது என்பதைக் கவிஞர் மறக்கவில்லை.

ஈயையும் ஹோமர் விட்டுவைக்கவில்லை. 17-ஆம் பகுதியில், இறந்துகிடக்கும் பாத்ரோக்ளசின் உடலைக் காக்கக் கிரேக்க அரசன் மெனெலாவோஸ் போராடுகிறான். அவன் தோளுக்கும் முழங்காலுக்கும் அதீனா வலிமை தருகிறாள். நெஞ்சுக்கு ஈயின் துணிச்சலைத் தருகிறாள். எத்தனை முறை விரட்டினாலும் திரும்பி வந்து தோலில் உட்கார்ந்து கடிக்கும் அந்த விடாப்பிடி. நண்பனின் உடலை விட்டு விலகாதவனுக்கு இதைவிடப் பொருத்தமான குணம் வேறில்லை. பல நூற்றாண்டுகளுக்குப் பிறகு ஈயின் புகழை ஒரு தனி உரையாகவே எழுதிய லூசியன், ஹோமரின் இந்தத் தேர்வை எடுத்துக்காட்டிப் பாராட்டினார். அதே உரையில் நமக்கு வேண்டிய ஒரு சொல்லும் கிடைக்கிறது. கடுமையான ரீங்காரமும் வேகமும் உடைய ஒருவகைப் பெரிய ஈக்களை மக்கள் ஸ்ட்ராட்டியோட்டிஸ், அதாவது படைவீரன் ஈ, என்று அழைத்ததாக அவர் எழுதுகிறார். இங்கே பெயர் எதிர்த் திசையில் போகிறது. வீரனின் பெயர் பூச்சிக்குக் கிடைக்கிறது.

அப்படிப் போனதில் இன்னொன்று ஃபாலங்ஸ். நீண்ட கட்டை, உருளை என்பது அதன் ஒரு பொருள். நெருங்கி நிற்கும் போர் வரிசைக்கும் அதே பெயர். விரலின் கணு எலும்புக்கும் அது பெயரானது. கணுக்கணுவாக நீண்ட கால்களையுடைய நச்சுச் சிலந்தியை ஃபாலங்கியோன் என்றார்கள். இன்றைய வகைப்பாட்டில் சிலந்தி பூச்சியாகாது. ஆனால் பூச்சிகளுக்கு எண்டோமா என்று பெயரிட்ட அரிஸ்டாட்டில் அதையும் அவற்றோடு சேர்த்துத்தான் பேசினார். எண்டோமா என்றால் வெட்டுவெட்டாகப் பிரிந்த உடலுடையவை.

குளவியின் கொடுக்குக்கு வருகிறேன். அதற்குக் கிரேக்கத்தில் கெண்ட்ரான் என்று பெயர். குத்துவது என்ற வினையிலிருந்து வந்தது. மாட்டையும் தேர்க்குதிரையையும் ஓட்டும் தார்க்கோலின் முனையும் கெண்ட்ரான்தான். வட்டம் வரையும் கவராயத்தில் ஊன்றி நிற்கும் கூர்முனைக்கும் அதே பெயர் வந்தது. அதிலிருந்து வட்டத்தின் நடுப்புள்ளிக்குப் பெயராயிற்று. வான நூலில் நான்கு முக்கிய நிலைகளுக்கும் பெயராகி, கிரேக்கச் சோதிடத்தோடு இந்தியாவுக்கு வந்து, வடமொழியில் கேந்திரமாகி, நம் தமிழிலும் நிலைத்துவிட்டது. சாதகக் கட்டத்தில் 1, 4, 7, 10-ஆம் வீடுகளைக் கேந்திரம் என்று சொல்லும் நம் ஊர்ச் சோதிடர், குளவிக் கொடுக்குக்குக் கிரேக்கர் வைத்த பெயரைத்தான் சொல்கிறார்.

அந்தக் கொடுக்கை மேடையேற்றியவர் அரிஸ்டாஃபனீஸ். கி.மு. 422-இல் அரங்கேறிய அவருடைய குளவிகள் நாடகத்தில், ஏதென்சின் முதிய நடுவர்கள் குளவி வேடத்தில், பின்னால் கொடுக்கோடு வருகிறார்கள். நாள் ஒன்றுக்கு 3 ஓபோல் கூலிக்கு நீதிமன்றத்தில் உட்கார்ந்து தண்டனை வழங்குவது அவர்கள் வேலை. கடுந்தண்டனை என்றால் மெழுகுப் பலகையில் நீண்ட கோடு கிழிக்க வேண்டும். நாடகத்தின் நாயகனான கிழவர் நீண்ட கோடே கிழித்துக் கிழித்து, நகக்கண்ணில் மெழுகு அப்பிக்கொண்டு தேனீயைப் போல வீடு திரும்புவாராம். ஆனால் அந்தக் கிழவர்கள் பழைய நினைவைப் பேசும்போது நாடகத்தின் குரலே மாறிவிடுகிறது. பாரசீகர் வந்து, கூட்டுக்குப் புகை போடுவதைப் போல நகரத்துக்குத் தீயும் புகையும் வைத்தார்கள். அப்போது ஈட்டியும் கேடயமும் எடுத்து ஓடி, பகைவரின் தாடையிலும் புருவத்திலும் கொட்டி விரட்டியவர்கள் நாங்கள்தான் என்கிறார்கள். ஹோமரின் குளவிகள் காத்த அதே கூடு, இப்போது ஒரு நகரமாகியிருக்கிறது.

இவ்வளவு கூர்ந்து பார்த்தவர்கள் ஒன்றைத் தவறாகக் கண்டார்கள். தேனீக் கூட்டின் தலைமையை அவர்கள் அரசன் என்றார்கள். கொடுக்குள்ள தேனீக்கள் பெண்ணாக இருக்க முடியாது, ஏனென்றால் இயற்கை பெண்ணினத்துக்குப் போர்க்கருவி தருவதில்லை என்று அரிஸ்டாட்டிலே வாதிட்டார். 17-ஆம் நூற்றாண்டில் டச்சு அறிஞர் யான் ஸ்வாமர்டாம் அந்த அரசனை அறுத்துப் பார்த்தபோது சூலகங்கள் தெரிந்தன. உழைக்கும் எறும்புகளும், உழைக்கும் தேனீக்களும், கொட்டும் குளவிகளும் எல்லாம் பெண்களே. கொடுக்கு என்பதே முட்டையிடும் உறுப்பு மாறி அமைந்த ஒன்று. ஆண் பூச்சிக்கு அது இருக்க வழியே இல்லை. வீரனுக்குப் பூச்சியை உவமை சொன்ன நாகரிகம், அந்தப் பூச்சி பெண் என்பதை அறியாமலே சொன்னது. வீரம் என்ற எண்ணத்தைத் தன் சமூகத்தின் ஆண்களிலிருந்து எடுத்து அது பூச்சியின்மேல் ஏற்றியது. எறும்புகள் ஆண்களாகவும் பெண்களாகவும் எழுந்தன என்று பாடிய அந்தப் பழைய துண்டுக் கவிதையை நான் போற்றுவதற்கு இது இன்னொரு காரணம்.

பிற்கால ஐரோப்பா இந்தப் பெயரை வேறு வழியில் சிறுமைப்படுத்தியது. ஆங்கிலத்தில் மிர்மிடன் என்றால் யோசிக்காமல் எசமானின் ஏவலை நிறைவேற்றும் அடியாள் என்று ஆகிவிட்டது. சட்டத்தின் பேரால் வந்து கைவைக்கும் சேவகர்களையும் அப்படி ஏசினார்கள். பிரெஞ்சில் அது குள்ளமான, பொருட்படுத்தத் தகாத ஆளைக் குறித்தது. எறும்பிடம் அவர்கள் கண்டது கீழ்ப்படிதலையும் சிறிய உருவத்தையும் மட்டுமே. தானியம் சுமந்ததும், பாறைமேல் மண் பரப்பியதும், பாய் விரித்ததும் பெயரிலிருந்து உதிர்ந்துவிட்டன. படையில் நின்ற மனிதனைக் குடியிலிருந்து பிரித்துப் பார்க்கத் தொடங்கிய காலத்தில் இந்தச் சொல்லும் குடியை இழந்தது.

ஆகவே மாணவர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான். ஒரு பழஞ்சொல்லைக் கையில் எடுக்கும்போது அகராதியின் வேர்ப்பொருளோடு நின்றுவிடாதீர்கள். அந்தச் சொல்லுக்குப் பாமரரும் புலவரும் சொன்ன கதைகளையும் சேர்த்துத் திரட்டுங்கள். ஒலி விதிக்கு ஒத்துவராத கதை என்றால் அப்படியே குறித்துக்கொண்டு, அந்தக் கதை யாருடைய உழைப்பை நினைவில் வைத்திருக்கிறது, யாரை மறந்திருக்கிறது என்று கேளுங்கள். மிர்மிடோன்களின் பெயரிடம் அப்படிக் கேட்டால், போர்க்களத்துக்கு வந்த ஒவ்வொருவனும் ஒரு வயலை விட்டுவிட்டு வந்தவன் என்பதை அது சொல்கிறது. படைகளின் வரலாற்றை எழுதுகிறவர்கள் அந்த வயலையும் சேர்த்து எழுத வேண்டும்.